2021 நெப்ராஸ்கா: 12 ஆட்டத்தில் 3 வெற்றி, ஆனால் புள்ளி வித்தியாசம் +63. எப்படி?

சோளக்காட்டான் எழுதியது:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் 2021 சீசன், ஸ்காட் ஃப்ராஸ்ட் பயிற்சியாளராக இருந்த நான்காம் ஆண்டு. முடிவுகளை வரிசையாகப் போடுகிறேன், நெப்ராஸ்காவின் எண் முதலில்:

இல்லினாய் 22-30
ஃபோர்டம் 52-7
பஃபலோ 28-3
ஓக்லஹோமா 16-23
மிச்சிகன் ஸ்டேட் 20-23 (ஓவர்டைம்)
நார்த்வெஸ்டர்ன் 56-7
மிச்சிகன் 29-32
மின்னசோட்டா 23-30
பர்டூ 23-28
ஓஹாயோ ஸ்டேட் 17-26
விஸ்கான்சின் 28-35
அயோவா 21-28

மொத்தம் 335 அடித்து 272 கொடுத்திருக்கிறார்கள். நெட் ரன் ரேட் நன்றாக ப்ளஸ்ஸில் இருக்கிற கிரிக்கெட் அணி புள்ளிப்பட்டியலில் அடியில் கிடப்பதைப் போன்ற நிலை. ஒன்பது தோல்வியில் ஒன்றுகூடப் பத்துப் புள்ளி வித்தியாசத்தைத் தொடவில்லை.

துரதிர்ஷ்டம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். துரதிர்ஷ்டம்தான் என்றால் அடுத்த ஆண்டே அது திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் கட்டங்களில் மட்டும் இறங்கும் குழுக்கள்) மோசம் என்று இன்னொரு சாரார். அது பொத்தாம்பொதுவான பேச்சாகவே நிற்கிறது. எந்த ஆட்டத்தில் எந்த உதையில் எத்தனை புள்ளி போனது, அது ஏன் போனது என்று யாராவது விளக்க முடியுமா? 1970, 71, 94, 95, 97 என ஐந்து பட்டம் வென்ற இடம், 1962 முதல் எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீரும் மைதானம். அங்கே இது எப்படி நடந்தது என்று சரியாகத் தெரிந்துகொள்ள ஆசை.

--------

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் அந்த +63-ஐப் பிரித்துவிடலாம். அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

வென்ற மூன்று ஆட்டங்களில் மட்டும் 136-17, அதாவது +119. தோற்ற ஒன்பதில் 199-255, அதாவது −56. ஃபோர்டம் ஒரு படி கீழே இருக்கும் எஃப்சிஎஸ் பிரிவு அணி. அந்த ஆட்டத்தைக் கழித்தால் மீதிப் பதினொன்றில் 283-265, வெறும் +18. நார்த்வெஸ்டர்னை 56-7 என்று நொறுக்கியதையும் ஓரமாக வைத்தால் பத்து ஆட்டங்களில் 227-258, −31. ஆக, ப்ளஸ் முழுவதும் இரண்டு சனிக்கிழமைகளில் வந்தது.

புள்ளிகளை வைத்து எதிர்பார்க்கும் வெற்றியைக் கணக்கிட ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. அடித்த புள்ளியை 2.37 அடுக்குக்கு உயர்த்துங்கள். கொடுத்ததையும் அப்படியே. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 335-க்கும் 272-க்கும் அது 0.62 தரும், 12 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 7.5 வெற்றி. இதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டி, ஏழு எட்டு ஆட்டம் வென்றிருக்க வேண்டிய அணி என்கிறார்கள். ஆனால் ஃபோர்டம், நார்த்வெஸ்டர்ன் இரண்டையும் உறுதியான வெற்றியாகத் தனியே வைத்து மீதிப் பத்துக்குப் போட்டுப் பாருங்கள். 4.2 வரும், மொத்தம் ஆறு வெற்றியைச் சற்றே தாண்டும். எனக்கு இந்த எண்தான் நியாயமாகப் படுகிறது. 6-6 அணி 3-9 ஆனது. காணாமல் போனது மூன்று வெற்றி, ஐந்தல்ல.

அடுத்தது நெருக்கமான ஆட்டங்கள். எட்டுப் புள்ளிக்குள் முடிந்தவை எட்டு, எட்டிலும் தோல்வி. ஓஹாயோ ஸ்டேட் ஆட்டத்தை இதில் சேர்க்கவில்லை. ஒரு டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது, ஆறு புள்ளி) போட்டு, அதைத் தொடரும் இரண்டு புள்ளி கன்வர்ஷனையும் எடுத்தாலும் எட்டுதான், ஒன்பதை எட்ட இரண்டு முறை ஸ்கோர் செய்தாக வேண்டும். எட்டு ஆட்டத்தையும் காசு சுண்டுவதாக எடுத்துக்கொண்டால் எட்டையும் தோற்க 256-இல் ஒரு வாய்ப்பு. ஆனால் அந்தக் காசு சமமான காசு அல்ல. அந்த ஆண்டு மிச்சிகன் பிக் டென் (நெப்ராஸ்கா ஆடும் லீக்) சாம்பியன், மிச்சிகன் ஸ்டேட்டும் ஓக்லஹோமாவும் 11-2, அயோவா 10-4, மின்னசோட்டா, விஸ்கான்சின், பர்டூ மூன்றும் 9-4. எட்டில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகச் சீசனை முடித்த எதிரணி இல்லினாய் ஒன்றுதான். ஒவ்வோர் ஆட்டத்திலும் நெப்ராஸ்காவுக்கு 35 சதவீத வாய்ப்பு என்று வைத்தால் எட்டையும் தோற்கும் வாய்ப்பு 3 சதவீதத்துக்கு மேல் வருகிறது. அரிது, ஆனால் அதிசயம் அல்ல.

அதனால் இது துரதிர்ஷ்டமா என்ற கேள்விக்கு என் பதில்: ஒன்று அல்லது இரண்டு ஆட்டம் அளவுக்கு ஆம். மீதிக்கு ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

--------

நாலாவது டவுன் எழுதியது:

ஸ்பெஷல் டீம்ஸ்னு ஒரே மூட்டையா கட்டிட்டா எதுவும் விளங்காது. அதுல தனித்தனியா ஆறு யூனிட் இருக்கு: கிக்ஆஃப் (ஆட்டத்தை ஆரம்பிக்கிற உதை), கிக்ஆஃப் ரிட்டர்ன், பன்ட் (பந்தை எதிரணிகிட்ட விட்டுக்கொடுத்துத் தூரமா உதைக்கிறது), பன்ட் ரிட்டர்ன், ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சு எடுக்கிற மூணு புள்ளி), அதைத் தடுக்கிற யூனிட். 2021-ல் நெப்ராஸ்காவுக்கு இதுல நாலு யூனிட் வேற வேற வாரத்துல உடைஞ்சுது. ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்பச் சொதப்பியிருந்தா சரி பண்றது சுலபம். நாலும் மாறி மாறி உடைஞ்சா அது ஆளோட பிரச்சினை இல்ல, நடத்துற முறையோட பிரச்சினை.

இல்லினாய். சீசனோட முதல் ஆட்டம், ஆகஸ்ட் 28. பன்ட் பிடிக்கிறவர் தன் கோல் லைனுக்குப் பக்கத்துல பந்தைப் பிடிச்சு, எண்ட் ஜோனுக்குள்ள (கோல் லைனுக்குப் பின்னாடி இருக்கிற பகுதி) பின்வாங்கி, மாட்டிக்கிட்டு அங்கிருந்து பந்தை வீசினார். சேஃப்டி, அதாவது தன் எண்ட் ஜோன்லயே மாட்டினதுக்கு எதிரணிக்கு ரெண்டு புள்ளி. இதுக்கு எல்லா லெவல்லயும் சொல்லிக்கொடுக்கிற விதி ஒண்ணு உண்டு: எதிரணி நடு மைதானத்துல இருந்து உதைச்சா குதிகால் 10 யார்டு கோட்டுல இருக்கணும், அதுக்குப் பின்னாடி ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாது. தலைக்கு மேல போச்சுன்னா விட்டுட்டு நகர்ந்துடணும். எண்ட் ஜோனுக்குள்ள உருண்டா டச்பேக், 20-ல இருந்து ஆரம்பிக்கலாம். சேஃப்டியில போறது ரெண்டு புள்ளி மட்டும் இல்ல. கொடுத்த அணியே தன் 20-ல இருந்து உதைச்சுப் பந்தையும் எதிரணிக்குக் கொடுக்கணும். இரட்டை நஷ்டம். அதே ஆட்டத்துல ரெண்டு எக்ஸ்ட்ரா பாயின்டும் (டச்டவுனுக்கு அப்புறம் உதைச்சு எடுக்கிற ஒரு புள்ளி) தவறிச்சு. மூணு டச்டவுன், ஒரு ஃபீல்டு கோல், ஆனா ஸ்கோர்போர்டுல 22. கணக்கு அங்கேயே தெரியும்.

ஓக்லஹோமா. எக்ஸ்ட்ரா பாயின்ட் தடுக்கப்பட்டு, அந்தப் பந்தை அவங்க மறுமுனை வரைக்கும் ஓடிக் கொண்டுபோய் ரெண்டு புள்ளி எடுத்தாங்க. கல்லூரி ஆட்டத்துல 1988-லேருந்து இந்த விதி இருக்கு. உனக்கு வர வேண்டிய ஒண்ணு போச்சு, அவனுக்கு ரெண்டு வந்துச்சு, ஆக மூணு புள்ளி இடைவெளி. அதோட ரெண்டு ஃபீல்டு கோலும் தவறிச்சு. ஏழு புள்ளியில தோத்த ஆட்டம்.

எக்ஸ்ட்ரா பாயின்ட் எப்படித் தடுக்கப்படுதுன்னு தெரிஞ்சுக்கணும். 3 யார்டு கோட்டுல ஸ்னாப் (பந்தைப் பின்னாடி தள்ளி ஆட்டத்தை ஆரம்பிக்கிறது), ஏழு யார்டு பின்னாடி ஹோல்டர் (உதைக்கப் பந்தை நிறுத்திப் பிடிக்கிறவர்), எண்ட் ஜோன் பத்து யார்டு, ஆக 20 யார்டு உதை. ஸ்னாப்புக்கும் உதைக்கும் நடுவுல 1.3 வினாடி தாண்டக் கூடாது. ஓரத்துல இருந்து ஓடிவர்றவன் அந்த நேரத்துக்குள்ள வந்து சேர முடியாது, அதனால ஆபத்து எப்பவும் நடுவுலதான். ஸ்னாப்பருக்கும் கார்டுக்கும் இடையில ஒருத்தன் ஒரு யார்டு தள்ளிட்டு வந்து கையைத் தூக்கினா, தாழ்வா கிளம்புற பந்து மாட்டிக்கும். காலோட கால் ஒட்டி நிக்கணும், உள் இடைவெளியை முதல்ல மூடணும், வெளியில வர்றவனை விட்டுடலாம். தடுக்கப்பட்ட பிறகும் வேலை முடியலை. பதினொரு பேரும் உடனே துரத்தணும். பெரும்பாலான அணி இந்தத் துரத்தலைப் பயிற்சியே செய்றதில்ல.

மிச்சிகன் ஸ்டேட். எனக்கு இன்னும் மனசு ஆறாத உதை இதுதான். நெப்ராஸ்கா 20-13 முன்னிலை, நாலு நிமிஷத்துக்கும் குறைவு. ரெண்டாவது பாதி முழுக்க மிச்சிகன் ஸ்டேட்டை ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (நாலு முயற்சிக்குள்ள, அதாவது நாலு டவுனுக்குள்ள, பத்து யார்டு) எடுக்க விடாம டிஃபன்ஸ் கட்டிப் போட்டிருந்துச்சு. பன்ட் வலது பக்கம் போக வேண்டியது, இடது பக்கம் போச்சு. ஜேடன் ரீட் 62 யார்டு ஓடி டச்டவுன், 3:47 மீதி, ஸ்கோர் சமம்.

பக்கம் குறிவெச்சு உதைக்கிற பன்ட்டுல என்ன நடக்குதுன்னா, உதைக்கிறதுக்கு முன்னாடியே கவரேஜ் முழுக்க அந்தப் பக்கம் சாய்ஞ்சு ஓட ஆரம்பிச்சுடும். பக்கக் கோடே கூடுதலா ஒரு தடுப்பாளர் மாதிரி வேலை செய்யும், ரிட்டர்னருக்குப் பாதி மைதானம்தான் மிஞ்சும். பந்து மறுபக்கம் விழுந்தா கதை தலைகீழ். துரத்துறவங்க எல்லாரும் பந்துக்கு எதிர்த்திசையில ஓடிட்டு இருப்பாங்க, அந்தப் பக்கம் ஓரத்துல ஒருத்தர்தான் மிச்சம். ஏழு புள்ளி முன்னிலையில, நாலு நிமிஷம் இருக்கும்போது 48 யார்டு தாழ்வா உதைக்கிறதைவிட, 38 யார்டு, காத்துல 4.3 வினாடி நிக்கிற மாதிரி உயரமா உதைச்சு ஃபேர் கேட்ச் (எதிரணி ஓடாம பந்தைப் பிடிக்க மட்டும் செய்றது) வாங்குறதுதான் லாபம். அது வராதுன்னா நேரா பக்கக் கோட்டுக்கு வெளியில உதைச்சிடலாம், பத்து யார்டு போனாலும் பரவாயில்ல.

மின்னசோட்டாவுல 27 யார்டு ஃபீல்டு கோல் தவறிச்சு. ஓஹாயோ ஸ்டேட்டோட கடைசி குவார்ட்டர்ல 23-17 இருக்கும்போது, இன்னொரு கிக்கர் உதைச்ச 31 யார்டும் தவறிச்சு. கிட்டத்துல இருந்துதானேன்னு டிவி பார்க்கிறவங்களுக்குத் தோணும். கல்லூரி மைதானத்துல ஹாஷ் கோடுகளுக்கு (ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்தை இதுக்கு நடுவுலதான் வைக்கணும்) நடுவுல 40 அடி இடைவெளி, தொழில்முறை லீக்கான என்எஃப்எல்ல 18 அடி 6 அங்குலம். கோல் கம்பங்களுக்கு நடுவுலயும் அதே 18 அடி 6 அங்குலம்தான். அதாவது என்எஃப்எல்ல ஹாஷ் மேல வெச்சு உதைச்சாலும் கம்பத்துக்கு நேரா நிக்கிறீங்க. கல்லூரியில கம்பத்துக்கு வெளியில கிட்டத்தட்ட 11 அடி தள்ளி நிக்கிறீங்க. 27 யார்டு தூரத்துல அது 14 டிகிரி சாய்வு. அதனாலதான் விவரமான கோச்சுங்க மூணாவது டவுன்ல பந்தை நடு மைதானத்துக்குக் கொண்டுவர ஒரு ஓட்டத்தைச் செலவு பண்ணுவாங்க.

அணியோட கிக்கர் கானர் கல்ப் 2020-ல் பிக் டென்னோட சிறந்த கிக்கர் விருது வாங்கினவர், அதையும் ஞாபகம் வெச்சுக்கணும். திறமை ஒரு வருஷத்துல காணாமப் போகாது. கிக்கர் தடுமாறும்போது முதல்ல பார்க்க வேண்டியது கால் இல்ல, ஸ்னாப்பும் ஹோல்டும். ஹோல்டர் பந்தை வைக்கிற புள்ளி ஒரு அங்குலம் மாறினாலும், லேஸ் கிக்கர் பக்கம் திரும்பி நின்னாலும், ஊன்றுகால் வைக்கிற இடம் மாறும். அதைத் தினமும் வீடியோ எடுத்து அளக்க ஒரு ஆள் வேணும்.

விஸ்கான்சின்: ஆட்டத்தோட முதல் கிக்ஆஃபே 91 யார்டு ரிட்டர்ன் டச்டவுன். எண்ட் ஜோனுக்கு வெளியில உதைச்சுத் தள்ளியிருந்தா அவங்க 25-ல ஆரம்பிச்சிருப்பாங்க. அயோவா: கடைசி குவார்ட்டர்ல 21-9 முன்னிலை, பன்ட் தடுக்கப்பட்டு டச்டவுன். பன்ட்டுக்கு ஸ்னாப்புல இருந்து உதை வரைக்கும் சுமார் 2 வினாடி கிடைக்கும். பன்ட்டருக்கு முன்னாடி நிக்கிறவர் எதிர்ல எந்தப் பக்கம் எத்தனை பேர்னு எண்ணிச் சத்தமா சொல்லணும். அந்த எண்ணிக்கை ஒண்ணு தப்பினா ஒருத்தன் தடையில்லாம வந்துடுவான்.

இப்ப கூட்டுங்க. மிச்சிகன் ஸ்டேட் 7, விஸ்கான்சின் 7, அயோவா 7, ஓக்லஹோமா 2, இல்லினாய் 2. எதிரணியோட ஆஃபன்ஸ் களத்துலயே இல்லாத நேரத்துல நேரடியா கொடுத்தது 25 புள்ளி. தவறவிட்ட உதைகளை இதுல சேர்க்கலை. ஒன்பது தோல்வியோட மொத்த வித்தியாசமே 56-தான்.

காரணம்னு கேட்டா, இதுக்குன்னே முழு நேர ஆள் இல்லாததுதான். கல்லூரி விளையாட்டை நடத்துற என்சிஏஏவோட அந்தக் காலத்து விதிப்படி களத்துல பயிற்சி கொடுக்க பத்து உதவிப் பயிற்சியாளர்தான் அனுமதி. 2020-ல் ஸ்பெஷல் டீம்ஸைப் பார்த்துக்கிட்டவர் அனலிஸ்ட் பதவியில இருந்தார், அவர் மைதானத்துல வீரருக்கு நேரடியா எதுவும் சொல்லித்தர விதி இடம் கொடுக்காது. 2021-ல் வெளிப்புற லைன்பேக்கர்களைப் பார்த்துக்கிட்ட மைக் டாசனே இதையும் சேர்த்துப் பார்த்தார். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி உச்சவரம்பு, மீட்டிங், வீடியோ எல்லாம் அதுலயே அடங்கும். ரெண்டு வேலை பார்க்கிறவர்கிட்ட எது சுருங்கும்னு சொல்லத் தேவையில்ல. களத்துக் கோச்சிங்குக்கான அந்த எண்ணிக்கைத் தடையை 2024-ல் என்சிஏஏ எடுத்துடுச்சு, ஆனா இந்த அணிக்கு அது மூணு வருஷம் தாமதம்.

--------

வலது கார்டு எழுதியது:

நாலாவது டவுன் எழுதியதில் தவறில்லை. ஆனால் பழி முழுவதையும் உதைப்பவர்கள் தலையில் வைத்தால் பர்டூ, மிச்சிகன் ஆட்டங்களை எங்கே வைப்பீர்கள்?

பர்டூவிடம் நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஏட்ரியன் மார்ட்டினஸ் நான்கு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) கொடுத்தார், அதில் ஒன்று நேரே டச்டவுன். தோல்வி ஐந்து புள்ளியில். மிச்சிகன் ஆட்டத்தில் 29-29 சமநிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மார்ட்டினஸ் பந்தோடு ஓடி, பிடிபட்ட பிறகும் இன்னும் ஒரு யார்டுக்காக நின்றபடியே முட்டிக்கொண்டிருந்தபோது மிச்சிகனின் பிராட் ஹாகின்ஸ் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அடுத்து 39 யார்டு ஃபீல்டு கோல், ஆட்டம் முடிந்தது. மிச்சிகன் ஸ்டேட் ஓவர்டைமில் முதல் முறையே இன்டர்செப்ஷன். இல்லினாயில் முதல் பாதி முடியும் தறுவாயில் ஃபம்பிள் (பந்தைக் கைநழுவ விடுவது), எதிரணி 41 யார்டு திரும்பி ஓடி டச்டவுன்.

சேஃப்டிகளையும் எண்ணுங்கள். இல்லினாயில் பன்ட் ரிட்டர்னில் ஒன்று, மின்னசோட்டாவில் ஒன்று, அயோவாவில் ஒன்று. மூன்றில் இரண்டு ஆஃபன்ஸ் கொடுத்தவை. அயோவா ஆட்டத்தில் மூன்றாம் குவார்ட்டரில் 21-6 முன்னிலை. அதற்குப் பிறகு எதிரணி தொடர்ச்சியாக 22 புள்ளி எடுத்தது. தடுக்கப்பட்ட பன்ட் அதில் 7. மீதி 15? தோள் காயத்தால் மார்ட்டினஸ் ஆடவில்லை, அவருக்குப் பதில் ஆடிய லோகன் ஸ்மதர்ஸ் தன் எண்ட் ஜோனுக்குள் நெருக்கப்பட்டுக் கொடுத்த சேஃப்டியால்தான் 21-21 ஆனது.

மார்ட்டினஸைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் தாடை உடைந்த பிறகும் விளையாடியவர். என் குறை, குவார்ட்டர்பேக்கையே ஓட்டத்துக்கும் நம்பியிருந்த அமைப்பின் மேல். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுவதையே வேலையாகக் கொண்டவர்) பந்தை வாங்கிய நொடியிலேயே இரண்டு கையாலும் மூடுகிறார். குவார்ட்டர்பேக் எறிவதா ஓடுவதா என்று பார்த்துக்கொண்டே போவதால் பந்து உடலை விட்டு விலகியே இருக்கும். பந்தின் முனையை விரல்களால் மூடு, முன்கையில் அழுத்து, மேல்கையில் ஒட்டு, விலாவில் சேர், கூட்டத்துக்குள் நுழைந்தால் மறுகையை மேலே போடு. இதை ஒரு சீசனில் பத்துப் பன்னிரண்டு முறை மோதலுக்குப் போகிறவர் செய்வதும், ஒரே ஆட்டத்தில் பதினைந்து முறை போகிறவர் செய்வதும் ஒன்றல்ல. களைப்பு கூடக் கூட முழங்கை விலகும். எதிரணிப் பயிற்சியாளர்களுக்கும் இது தெரியும். முதலாமவர் பிடிக்க, இரண்டாமவர் பந்தைப் பிடுங்க என்று சொல்லித்தான் அனுப்புவார்கள்.

இன்னொன்று. அந்த மிச்சிகன் ஸ்டேட் பன்ட் ஏன் தேவைப்பட்டது? 20-13 முன்னிலையில் பந்தை வைத்திருந்து கடிகாரத்தைக் கரைக்க ஆஃபன்ஸால் முடியாமல் போனதால். முன்னிலையைக் காக்கும் கடைசி நான்கு நிமிட ஆட்டத்துக்கு முன்வரிசை நேரே முட்டித் தள்ளி மூன்று நான்கு யார்டு எடுத்தாக வேண்டும், பக்கவாட்டில் ஓடும் ஆட்டங்கள் அங்கே உதவாது. 2021-இல் ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும் கடிகாரம் சற்று நின்று கிளம்பும் விதி வேறு இருந்தது (2023-இல்தான் மாற்றினார்கள்), அதனால் கல்லூரியில் நேரத்தைக் கரைப்பது என்எஃப்எல்லைவிடக் கடினம். மின்னசோட்டாவில் ஒரு யார்டு கோட்டில் நான்காவது டவுன், ஓடியவர் வழுக்கி விழுந்தார். வழுக்கியது துரதிர்ஷ்டம் என்று கணக்குப்பிள்ளை சொல்லலாம். அதற்கு முந்தைய மூன்று டவுனில் உள்ளே தள்ள முடியாதது முன்வரிசையின் குறை.

--------

சோளக்காட்டான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. 25 புள்ளிக் கணக்கை நான் எங்கும் இப்படிக் கூட்டிப் பார்த்ததில்லை. கூடவே ஒரு கேள்வி: இவ்வளவுக்குப் பிறகும் ஃப்ராஸ்டை ஏன் வைத்துக்கொண்டார்கள்? 2022-இல் இவற்றில் எது சரியானது?

--------

நாலாவது டவுன் எழுதியது:

ஓஹாயோ ஸ்டேட் ஆட்டம் முடிஞ்ச ரெண்டாம் நாள், நவம்பர் 8, விளையாட்டுத் துறை இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் அறிவிச்சார்: ஃப்ராஸ்ட் தொடர்வார், ஒப்பந்தம் மட்டும் மாறும். ஆண்டுச் சம்பளம் 50 லட்சம் டாலர்ல இருந்து 40 லட்சமா குறைஞ்சுது. வெளியேத்தினா கொடுக்க வேண்டிய தொகை 2022 அக்டோபர் 1-க்கு அப்புறம் ஒன்றரைக் கோடி டாலர்ல இருந்து பாதியாகும்னு ஏற்பாடு. அதே நாள் ஆஃபன்ஸ் பக்கத்துல நாலு உதவிப் பயிற்சியாளர்களை அனுப்பிட்டாங்க: மேட் லூபிக், மாரியோ வெர்டுஸ்கோ, கிரெக் ஆஸ்டின், ரயன் ஹெல்ட்.

வெச்சுக்கிட்டதுக்குப் பின்னாடி கணக்குப்பிள்ளை மேல சொன்ன அந்த 7.5 வெற்றி வாதம்தான் இருந்துச்சுன்னு நினைக்கிறேன். நல்ல அணியோட எல்லாம் கடைசி வரைக்கும் மோதுறாங்க, கொஞ்சம் திருத்தினா போதும்ங்கிற நம்பிக்கை. கூடவே அவர் ஊர்ப் பிள்ளை, 1997 பட்டத்தோட குவார்ட்டர்பேக், 2017-ல் யூசிஎஃப் பல்கலைக்கழக அணியை 13-0-க்குக் கொண்டுபோனவர்.

2022-க்கு பில் புஷ்ஷை ஸ்பெஷல் டீம்ஸுக்குப் பொறுப்பா வெச்சாங்க. அது சரியான முடிவு. ஆனா ஆகஸ்ட் 27, டப்ளின்ல நார்த்வெஸ்டர்னோட ஆட்டம், 28-17 முன்னிலை, மூணாவது குவார்ட்டர். அந்த நேரத்துல ஆன்சைடு கிக் (உதைச்ச அணியே திரும்பப் பிடிக்கிற மாதிரி கிட்டத்துல உதைக்கிறது) போகச் சொன்னது தலைமைப் பயிற்சியாளர். நார்த்வெஸ்டர்ன் பந்தை எடுத்துச்சு, 31-28 ஜெயிச்சுது. ஆன்சைடு கிக் தோத்தா எதிரணிக்கு நடு மைதானத்துல பந்து. 11 புள்ளி முன்னிலையில நமக்குத் தேவை நேரமும் தூரமும்தான், அது ரெண்டையும் ஒரே உதையில கொடுத்தாச்சு. ஒருங்கிணைப்பாளர் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் இதைத் திருத்த முடியாது.

செப்டம்பர் 10-ல் சொந்த ஊரான லிங்கன்லயே ஜார்ஜியா சதர்ன்கிட்ட 42-45. மறுநாள் வேலை போச்சு. மூணு வாரம் பொறுத்திருந்தா தொகை பாதியாகியிருக்கும். பொறுக்கலை. நெப்ராஸ்காவுல அவரோட மொத்தக் கணக்கு 16-31.

--------

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதோடு 2023-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அது வலது கார்டின் பக்கம் பேசுகிறது. 2022 மீதியை மிக்கி ஜோசப் இடைக்காலமாகப் பார்த்தார், 4-8 என்று முடிந்தது. விஸ்கான்சினிடம் 14-15 தோற்றார்கள், ரட்கர்ஸை 14-13 வென்றார்கள், அயோவாவை அவர்கள் ஊரிலேயே 24-17 வென்றார்கள். நெருக்கமான ஆட்டம் இரு பக்கமும் விழும் என்பதற்கு அதே ஆண்டில் சான்று.

பிறகு மேட் ரூல் வந்தார், ஸ்பெஷல் டீம்ஸுக்கு எட் ஃபோலி என்று தனியாக ஆள் போட்டார். இருந்தும் 2023-இல் 5-7. ஏழு தோல்வியில் ஐந்து ஏழு புள்ளிக்குள்: மின்னசோட்டா 10-13, மேரிலாந்து 10-13, மிச்சிகன் ஸ்டேட் 17-20, விஸ்கான்சின் 17-24 ஓவர்டைம், அயோவா 10-13. முழு நேர ஆள் வந்த பிறகும் தொடர்ந்தது என்றால், பெரிய ஓட்டை பந்தைப் பறிகொடுப்பதில் இருந்தது. எதிரணியை 13-இல் நிறுத்தியும் மூன்று ஆட்டம் தோற்றது உதையால் மட்டும் வராது. 2024-இல் 7-6, சீசன் முடிவில் நடக்கும் பின்ஸ்ட்ரைப் பௌல் ஆட்டத்தில் பாஸ்டன் காலேஜை 20-15 வென்றார்கள்.

என் முதல் பதிவில் ஒரு திருத்தம்: ஒன்று இரண்டு ஆட்டம் துரதிர்ஷ்டம் என்று எழுதினேன். மின்னசோட்டாவில் வழுக்கியதைப் பற்றி வலது கார்டு சொன்னதைப் படித்த பிறகு, ஒன்று என்றே வைத்துக்கொள்கிறேன்.

--------

வலது கார்டு எழுதியது:

சோளக்காட்டான், மேலும் தோண்ட விருப்பமிருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒன்பது தோல்விகளுக்கும் ப்ளே-பை-ப்ளே எடுத்து, ஒவ்வொரு ட்ரைவும் எந்த யார்டில் தொடங்கியது என்று இரண்டு அணிக்கும் தனித்தனியாக எழுதிச் சராசரி பாருங்கள். தவறவிட்ட உதையும் பறிகொடுத்த பந்தும் ஸ்கோர்போர்டில் காட்டுவது பாதிதான், மீதி எதிரணி தொடங்கும் இடத்தில் தெரியும். மிச்சிகன் ஆட்டத்தில் கடைசி ட்ரைவை அவர்கள் தொடங்கியது நெப்ராஸ்காவின் 18 யார்டு கோட்டில். ஒரு யார்டுகூட நகராவிட்டாலும் 35 யார்டு உதை கையில் இருந்தது. பின்னால்கூடத்தான் போனார்கள், 39 யார்டு தூரத்தில் இருந்து உதைத்தார்கள், உள்ளே போனது.